சளி சொல்லும் சேதி: சயரோகத்தை இரண்டு மணி நேரத்தில் காட்டும் கருவி

தோட்டத்தில் இருமாதவர் யார்? விடியுமுன்னே பனியில் நனைந்துகொண்டு பால்மரக் காட்டுக்குள் நுழைகிறோம். மழையென்றும் வெயிலென்றும் பாராமல் செம்பனைக் குலையைச் சுமக்கிறோம். புல்லுக்கு மருந்து அடிக்கிறோம். இருமல் வந்தால், "காத்து பட்டிருக்கும்", "மருந்து வாடை ஒத்துக்கல" என்று சொல்லி நாமே நமக்கு டாக்டராகிவிடுகிறோம். வீட்டில் பாட்டி இருந்தால் இஞ்சியும் மிளகும் தட்டிக் கொதிக்க வைத்துக் கொடுப்பார். பாட்டி இல்லாத வீட்டில் கடையிலிருந்து இருமல் மருந்து ஒரு போத்தல் வரும்.

இதில் தவறு ஒன்றும் இல்லை. பெரும்பாலான இருமல் இரண்டு வாரத்துக்குள் தானாகவே போய்விடும். போகாத இருமலைப் பற்றித்தான் இந்த வாரம் பேசப் போகிறோம். இரண்டு வாரம் தாண்டியும் நிற்காத இருமல், சாயங்காலமானால் லேசான காய்ச்சல், இரவில் பாய் நனைகிற வியர்வை, சாப்பாட்டில் வெறுப்பு, சட்டை தொளதொளவென்று ஆகுமளவுக்கு மெலிவு, சில வேளை சளியில் ரத்தம் - இவற்றில் ஒன்றிரண்டு சேர்ந்தாலே சயரோகமாக இருக்கலாம் என்று சந்தேகப்பட வேண்டும். காசநோய் என்பதும், நம் பெரியவர்கள் எலும்புருக்கி என்றதும், மலாய்க்காரர்கள் 'பாத்துக் கெரிங்' என்பதும், கிளினிக்கில் 'டீபி' என்பதும் எல்லாம் இதுதான்.

இன்று நமக்கு ஒரு நல்ல செய்தி இருக்கிறது. இந்த நோய் உண்டா இல்லையா என்று சொல்ல இப்போது ஒரு கருவி வந்திருக்கிறது. சளியை உள்ளே வைத்தால் இரண்டு மணி நேரத்துக்குள் விடை சொல்லிவிடும். கெட்ட செய்தியும் ஒன்று உண்டு. அந்தக் கருவியிடம் நம் சளி போய்ச் சேருவதற்குத்தான் மாதக்கணக்கில் ஆகிறது! விஞ்ஞானம் ஓடி வந்துவிட்டது. நாம்தான் லயத்து அஞ்சடியில் உட்கார்ந்திருக்கிறோம்.

ஒழிந்துவிட்ட நோயா?

"டீபியெல்லாம் அந்தக் காலத்து வியாதி, இப்ப எங்கே இருக்கு?" என்று பலர் கேட்கிறார்கள். கோலாலம்பூர் செராசில் இருந்த லேடி டெம்ப்ளர் ஆஸ்பத்திரி என்றாலே சயரோக ஆஸ்பத்திரி என்று பழைய தலைமுறைக்குத் தெரியும். 1961ஆம் ஆண்டில் நம் நாட்டில் தேசியக் காசநோய்த் தடுப்புத் திட்டம் தொடங்கியது. அதற்குப் பின் சாவு வெகுவாகக் குறைந்ததும் உண்மைதான். ஆனால் நோய் ஒழியவில்லை. 2022, 2023 ஆகிய ஆண்டுகளில் ஒவ்வோர் ஆண்டும் மலேசியாவில் 25,000 பேருக்கு மேல் இந்நோய் கண்டுபிடிக்கப்பட்டது. ஆண்டுதோறும் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட உயிர்கள் போகின்றன. உலகம் முழுவதிலும் 2023இல் ஏறத்தாழ 1 கோடியே 8 லட்சம் பேருக்கு நோய் கண்டது. 12 லட்சத்து 50 ஆயிரம் பேர் மாண்டார்கள்.

இந்தக் கிருமி காற்றில் பரவுகிறது. நோயாளி இருமும்போதும் தும்மும்போதும் கண்ணுக்குத் தெரியாத துளிகளில் ஏறி வெளியே வருகிறது. ஜன்னல் சாத்திய அறையில் மணிக்கணக்கில் மிதந்துகொண்டிருக்கும். ஒரே அறையில் ஐந்தாறு பேர் படுக்கிற வீடு என்றால் அதற்குக் கொண்டாட்டம். கிருமி உள்ளே போன எல்லோருக்கும் நோய் வந்துவிடாது. பலருக்கு அது உடம்புக்குள் தூங்கிக்கொண்டே இருக்கும். உடம்பின் காவல் தளரும்போதுதான் விழித்துக்கொள்ளும். இனிப்பு நீர் உள்ளவர்கள், புகை பிடிப்பவர்கள், சம்சுக்கு அடிமையானவர்கள், சத்துக் குறைந்தவர்கள் ஆகியோருக்கு ஆபத்து அதிகம். நம் மக்களிடையே இனிப்பு நீர் எவ்வளவு பெருகிவிட்டது என்பதை நான் சொல்லத் தேவையில்லை.

பூதக்கண்ணாடிக்கு அகப்படாத திருடன்

1882ஆம் ஆண்டு மார்ச் 24ஆம் நாள், ஜெர்மனியில் பெர்லின் நகரில் ராபர்ட் கோக் என்ற மருத்துவ விஞ்ஞானி சயரோகத்துக்குக் காரணமான கிருமியைக் கண்டுபிடித்து அறிவித்தார். பரம்பரைச் சாபம், குலத்தோஷம் என்று பேசிக்கொண்டிருந்த பேச்சுக்கெல்லாம் அன்றே முடிவு வந்தது. அதனால்தான் மார்ச் 24 உலகக் காசநோய் நாளாக இருக்கிறது.

அன்றிலிருந்து நூறு ஆண்டுகளுக்கு மேலாக இந்நோயைக் கண்டுபிடிக்கப் பெரும்பாலும் ஒரே வழிதான். சளியைக் கண்ணாடித் துண்டில் தடவி, சாயம் ஏற்றி, மைக்ராஸ்கோப் என்ற பூதக்கண்ணாடி வழியாகப் பார்ப்பார்கள். நீல நிறத்தின் நடுவே சிவப்புக் குச்சிகள் போலக் கிருமி தெரியும். மலிவான சோதனை, நல்ல சோதனையும்கூட. ஆனால் அதற்கு ஒரு குறை உண்டு. ஒரு மில்லிலிட்டர் சளியில் ஏறத்தாழ பத்தாயிரம் கிருமிகளாவது இருந்தால்தான் அது கண்ணில் படும். அதற்குக் குறைந்தால், "ஒன்றும் இல்லை" என்று பதில் வந்துவிடும். நோயாளியும் நிம்மதியாக வீட்டுக்குப் போவார். ஆறு மாதம் கழித்து, நோய் முற்றிய பிறகு, கிருமி பெருகிய பிறகு, "இருக்கிறது" என்று பதில் வரும். அதற்குள் பெண்டாட்டி பிள்ளைகளுக்கும் போயிருக்கும்.

இன்னொரு வழியும் உண்டு. சளியை ஆய்வுக்கூடத்தில் வைத்து, அதிலுள்ள கிருமியை வளரவிட்டுப் பார்ப்பது. இது மிகவும் நம்பகமானது. ஆனால் சயரோகக் கிருமி மகா மந்தமாக வளரும். இரண்டு வாரத்திலிருந்து எட்டு வாரம் வரை காத்திருக்க வேண்டும். கூலி வேலை செய்பவர் எட்டு வாரம் பதிலுக்காகக் காத்திருப்பாரா? பாதிப் பேர் "நமக்கு ஒண்ணும் இல்ல போல" என்று வேலைக்குத் திரும்பிவிடுவார்கள்.

காசு இரட்டிக்கிற கணக்கு

இந்த இடத்தில்தான் புதிய விஞ்ஞானம் கை கொடுக்கிறது. 'மாலிகியூலர் சோதனை' என்று ஆஸ்பத்திரியில் சொல்வார்கள். பெயரைக் கேட்டு மிரள வேண்டாம். 2020இல் கோவிட் வந்தபோது மூக்கில் குச்சி விட்டு 'பி.சி.ஆர்.' எடுத்தார்களே, அதே குடும்பத்துச் சோதனைதான் இது.

நம் ஒவ்வொருவருக்கும் அடையாளக் கார்டு இருப்பதுபோல, ஒவ்வொரு கிருமிக்கும் அதன் உடம்புக்குள்ளேயே ஓர் அடையாளக் கார்டு இருக்கிறது. அதுதான் மரபணு. ஒரு கிருமியின் கார்டு இன்னொன்றுக்கு இராது. சளியில் சயரோகக் கிருமியின் கார்டு கிடைத்துவிட்டால், திருடன் அகப்பட்டான் என்று அர்த்தம். ஆனால் அந்தக் கார்டு மிகமிகச் சிறியது. ஒன்றிரண்டு கிடந்தால் எந்தக் கருவிக்கும் தெரியாது. ஆகவே அதைப் படியெடுத்துப் படியெடுத்துப் பெருக்க வேண்டும்.

எப்படிப் பெருக்குவது? ஒரு கணக்குச் சொல்கிறேன். முதல் நாள் ஒரு காசு. மறுநாள் இரண்டு காசு. அதற்கு மறுநாள் நான்கு காசு. இப்படி நாளுக்கு நாள் இரட்டித்துக்கொண்டே போனால், 31ஆம் நாள் உங்கள் கையில் எவ்வளவு இருக்கும்? 1 கோடியே 7 லட்சத்து 37 ஆயிரத்து 418 வெள்ளி 24 காசு! நம்ப முடியவில்லை என்றால் பள்ளிக்கூடத்தில் படிக்கிற பிள்ளையைக் கூப்பிட்டுக் கணக்குப் போட்டுப் பாருங்கள். இந்த இரட்டிக்கிற வித்தைதான் பி.சி.ஆர். முப்பது தடவை இரட்டித்தால் ஒரு கார்டு நூறு கோடிக்கு மேல் ஆகிவிடும். அப்போது கருவிக்குத் தெரியாமல் எங்கே போகும்?

அமெரிக்காவில் கேரி முல்லிஸ் என்ற விஞ்ஞானி 1983இல் இந்த யோசனையைக் கண்டார். 1993இல் அவருக்கு ரசாயனத்துக்கான நோபல் பரிசு கிடைத்தது. இரட்டிக்க வேண்டுமானால், ஒவ்வொரு தடவையும் கொதிக்கும் நிலைக்குக் கிட்டத்தட்டச் சூடேற்றி ஆறவிட வேண்டும். படியெடுக்கும் வேலையைச் செய்கிற பொருள் அந்தச் சூட்டில் அழிந்துவிடும். இதற்கு விடை எங்கிருந்து வந்தது தெரியுமா? அமெரிக்காவின் யெல்லோஸ்டோன் காட்டிலுள்ள வெந்நீர் ஊற்றிலிருந்து! அந்தச் சுடுநீரிலேயே குடியிருக்கும் ஒரு கிருமியை தாமஸ் பிராக் என்ற விஞ்ஞானி 1960களில் கண்டெடுத்திருந்தார். அதன் உடம்பிலுள்ள பொருள் சூட்டுக்கு அஞ்சாது. இன்று உலகெங்கும் ஆஸ்பத்திரிகளில் படியெடுப்பது அதுதான். ஒரு கிருமியைப் பிடிக்க இன்னொரு கிருமி உதவுகிறது.

கோவிட் காலத்தில் வீட்டிலேயே செய்துகொண்டோமே, ஆர்.டி.கே. சோதனை, அது வேறு. அதில் இரட்டிக்கிற வேலை கிடையாது. கிருமி ஏராளமாக இருந்தால்தான் கோடு விழும். அதனால்தான் ஆர்.டி.கே.யில் தப்பியவர்கள் பி.சி.ஆரில் அகப்பட்டார்கள்.

கடிதத்தைச் சோதித்த பெட்டி

2001ஆம் ஆண்டில் அமெரிக்காவில் யாரோ விஷமிகள் தபால் உறைக்குள் ஆந்திராக்ஸ் என்ற கொடிய கிருமியை வைத்து அனுப்பினார்கள். ஐந்து பேர் இறந்தார்கள். பயந்துபோன தபால் இலாகா, கடிதம் பிரிக்கும் இடங்களில் கிருமியைக் கண்டுபிடிக்கும் கருவிகளை வைத்தது. கலிபோர்னியாவிலுள்ள செஃபீட் என்ற கம்பெனி அதற்கான சோதனைப் பெட்டியைச் செய்துகொடுத்தது. அதே தொழில்நுட்பத்தைத்தான் பின்னர் சயரோகத்துக்குத் திருப்பினார்கள். அந்தக் கருவிக்கு 'ஜீன்எக்ஸ்பர்ட்' என்று பெயர். உலகச் சுகாதார நிறுவனம் 2010 டிசம்பரில் அதற்கு ஒப்புதல் அளித்தது.

கருவி எப்படி வேலை செய்கிறது? சளியோடு ஒரு மருந்து நீரைக் கலந்து குலுக்கி, கால் மணி நேரம் வைக்கிறார்கள். பிறகு உள்ளங்கையில் அடங்குகிற ஒரு பிளாஸ்டிக் குப்பியில் ஊற்றி, குப்பியைக் கருவிக்குள் செருகிக் கதவைச் சாத்துகிறார்கள். அவ்வளவுதான் மனிதன் செய்கிற வேலை. கழுவுவது, கிருமியின் உடம்பை ஒலி அதிர்வால் உடைப்பது, மரபணுவை வெளியே எடுப்பது, இரட்டிப்பது, ஒளியைக் கொண்டு எண்ணுவது எல்லாம் அந்தக் குப்பிக்குள்ளேயே நடக்கின்றன. இரண்டு மணி நேரத்துக்குள் கம்ப்யூட்டர் திரையில் விடை வருகிறது. 2017இல் வந்த புதிய குப்பி இன்னும் கூர்மையானது. அதற்கு ஒன்றரை மணி நேரமும் ஆகாது.

பூதக்கண்ணாடிக்குப் பத்தாயிரம் கிருமி வேண்டும் என்றோமல்லவா? முதலில் வந்த குப்பிக்கு ஒரு மில்லிலிட்டரில் நூற்றுச் சொச்சம் போதும். புதிய குப்பிக்கு இருபதுக்கும் குறைவாகவே போதும். 2010இல் பெரு, அஜர்பைஜான், தென்னாப்பிரிக்கா, இந்தியா ஆகிய நாடுகளில் 1,730 பேரிடம் செய்த ஆராய்ச்சியின் முடிவு வெளிவந்தது. பூதக்கண்ணாடி "இல்லை" என்று கைவிட்ட நோயாளிகளில், நூற்றுக்கு எழுபத்திரண்டு பேரை இந்தக் கருவி ஒரே சோதனையில் கண்டுபிடித்துவிட்டது. பழைய முறையில் "ஒன்றுமில்லை" என்று வீட்டுக்கு அனுப்பப்பட்டிருக்க வேண்டியவர்கள் அவர்கள்.

இன்னொரு கேள்விக்கும் விடை

சயரோகம் உண்டா என்பதோடு இந்தக் கருவி நிற்பதில்லை. "எந்த மருந்துக்கு அடங்காது?" என்ற இரண்டாவது கேள்விக்கும் அதே நேரத்தில் பதில் சொல்கிறது.

சயரோகத்துக்கு முக்கியமான மருந்து ரிஃபாம்பிசின். சிவப்பு மாத்திரை. அதைச் சாப்பிட்டால் சிறுநீர் ஆரஞ்சு நிறமாகப் போகும். "ஐயோ, ரத்தம் போகுதே!" என்று பயந்து மருந்தை நிறுத்தியவர்கள் உண்டு. அது ரத்தம் அல்ல, மாத்திரையின் நிறம். வழக்கமான சிகிச்சை ஆறு மாதம். முதல் இரண்டு மாதம் நான்கு மருந்து. பிறகு நான்கு மாதம் இரண்டு மருந்து. இரண்டு மாதத்திலேயே இருமல் நின்று, உடம்பு தேறிவிடும். "எனக்குத்தான் நல்லா ஆயிடுச்சே, இனி எதுக்கு மாத்திரை?" என்று பாதியில் நிறுத்தினால் வந்தது வினை. செத்ததுபோக மிஞ்சிய கிருமி அந்த மருந்தைத் தாங்கப் பழகிக்கொண்டு திரும்பி வரும். அப்புறம் அதே மருந்து கொடுத்தால் வெறும் தண்ணீர் கொடுத்ததுபோலத்தான். அந்தப் பழகிய கிருமி பிள்ளைக்குத் தொற்றினால், மருந்தே சாப்பிட்டறியாத பிள்ளைக்கும் மருந்துக்கு அடங்காத நோய் வரும்.

இந்த விவரம் தெரிய முன்பெல்லாம் மாதக்கணக்கில் ஆகும். அதுவரை நோயாளி பயனில்லாத மருந்தைச் சாப்பிட்டுக்கொண்டிருப்பார். இப்போது ரிஃபாம்பிசினுக்கு அடங்குமா என்பது அன்றைக்கே தெரிகிறது. அடங்காவிட்டால் வேறு மருந்துகள் இருக்கின்றன. முன்பு ஒன்றரை, இரண்டு ஆண்டு பிடித்த அந்தச் சிகிச்சைக்கு, பலருக்கு ஆறே மாதத்தில் முடிகிற முறையை 2022இல் உலகச் சுகாதார நிறுவனம் பரிந்துரைத்தது.

காப்பிட் காட்டிய பாடம்

மரபணுச் சோதனை உயிர் காக்கும் என்பதற்கு வெளிநாட்டு உதாரணமே தேவையில்லை. நம் சரவாக்கிலேயே ஒன்று இருக்கிறது. காப்பிட் ஆஸ்பத்திரிக்கு மலேரியாக் காய்ச்சலோடு வந்தவர்கள் பலரின் ரத்தத்தைப் பூதக்கண்ணாடியில் பார்த்து, 'பிளாஸ்மோடியம் மலேரியே' என்ற சாதுவான வகை என்று எழுதி வைத்தார்கள். ஆனால் அந்த வகை அவ்வளவு கடுமையாகத் தாக்காதே என்ற சந்தேகம் எழுந்தது. சரவாக் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் பல்பீர் சிங்கும் அவருடைய குழுவினரும் ரத்தத்தைப் பி.சி.ஆர். சோதனைக்கு உட்படுத்தினார்கள். 2004இல் வெளியான முடிவு உலகத்தையே திரும்பிப் பார்க்க வைத்தது. சோதித்த 208 மலேரியா நோயாளிகளில் 120 பேருக்கு இருந்தது குரங்கிடமிருந்து கொசு வழியாக வருகிற 'நோலெசி' மலேரியா! பூதக்கண்ணாடியில் இரண்டும் ஒன்றுபோலத் தெரியும். ஆனால் நோலெசி 24 மணி நேரத்துக்கு ஒருமுறை பெருகும். கவனிக்காமல் விட்டால் சில நாளில் ஆளைச் சாய்த்துவிடும்.

காட்டோரத் தோட்டங்களில் வேலை செய்பவர்களுக்கு இது இன்றைக்கும் உள்ள ஆபத்து. காய்ச்சலோடு போகும்போது, "நான் காட்டோரத் தோட்டத்தில் வேலை செய்கிறேன், அங்கே குரங்கு நடமாட்டம் உண்டு" என்று டாக்டரிடம் சொல்லுங்கள். எலிச் சிறுநீர்க் காய்ச்சலுக்கும் இதுவே பொருந்தும். செம்பனைக் காட்டில் எலிக்குக் குறைவில்லை. காய்ச்சலின் முதல் சில நாட்களில் சாதாரண ரத்தச் சோதனையில் தெரியாத கிருமி, பி.சி.ஆரில் தெரியக்கூடும். நீங்கள் சொல்கிற ஒரு வார்த்தைதான் எந்தச் சோதனை செய்வது என்று டாக்டருக்கு வழி காட்டும்.

கருவிக்கும் எல்லை உண்டு

கருவியைப் புகழ்ந்தது போதும். அதனால் முடியாதவற்றையும் தெரிந்துகொள்ள வேண்டும்.

ஒன்று: அது செத்த கிருமிக்கும் உயிருள்ள கிருமிக்கும் வித்தியாசம் காணாது. கார்டு இருந்தால் ஆள் இருக்கிறான் என்றே சொல்லும். ஆகவே மருந்து சாப்பிட்டு வரும்போது குணமாகிறதா என்று பார்க்க இதைப் பயன்படுத்துவதில்லை; பழைய பூதக்கண்ணாடியும் கிருமியை வளர்த்துப் பார்க்கும் முறையும்தான் அதற்கு. "முதல்ல பெரிய மெஷின்ல பாத்தாங்க, இப்ப சும்மா கண்ணாடியில பாக்குறாங்களே, ஏமாத்துறாங்களா?" என்று எண்ண வேண்டாம். முன்பு சயரோகம் வந்து குணமானவர்கள் அதை மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். சொல்லாவிட்டால் பழைய செத்த கிருமியைப் பார்த்து மறுபடியும் மருந்து எழுதிவிடக்கூடும்.

இரண்டு: "இல்லை" என்று வந்தாலும் நூற்றுக்கு நூறு இல்லை என்று ஆகாது. இருமல் நிற்காவிட்டால், மெலிவு தொடர்ந்தால் மறுபடியும் போக வேண்டும். எக்ஸ்ரேயும் எடுக்க வேண்டும்.

மூன்று: சிறு பிள்ளைகளுக்குச் சளியைத் துப்பத் தெரியாது, விழுங்கிவிடும். ஆகவே அவர்களுக்கு மலத்தில்கூடச் சோதிக்கலாம் என்று உலகச் சுகாதார நிறுவனம் சொல்லியிருக்கிறது.

நான்கு: கருவி எல்லாக் கிளினிக்கிலும் இல்லை. கிளினிக்கில் கொடுக்கிற சளி பெரிய ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டியிருக்கலாம். கருவிக்கு இரண்டு மணி நேரம்தான் என்றாலும், அனுப்பவும் பதில் வரவும் சில நாள் பிடிக்கலாம். "பதில் எப்போது வரும், யாரிடம் கேட்பது?" என்று கேட்டுவிட்டு வாருங்கள். உங்கள் கைத்தொலைபேசி எண்ணைச் சரியாகக் கொடுங்கள். பதில் தயாராக இருந்தும் ஆளைக் கண்டுபிடிக்க முடியாமல் கிடக்கிற காகிதம் யாருக்கும் மருந்தாகாது.

சளி கொடுப்பது எப்படி?

எவ்வளவு உயர்ந்த கருவியானாலும், எச்சிலைக் கொடுத்தால் எச்சிலைத்தான் சோதிக்கும். சளி என்பது நெஞ்சுக்குள்ளிருந்து வர வேண்டும்.

முதல் நாளே கிளினிக்கில் மூடி போட்ட சிறு போத்தல் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். காலையில் எழுந்ததும் வருகிற சளியே சிறந்தது. பால்வெட்டுக்குப் போகிறவர்கள் பெரட்டுக்குப் புறப்படுமுன் எடுத்துவிடலாம். வெறும் தண்ணீரால் வாயைக் கொப்பளித்துவிட்டு, வீட்டுக்கு வெளியே திறந்த வெளியில் நின்றுகொள்ளுங்கள். பக்கத்தில் பிள்ளைகள் வேண்டாம். இரண்டு மூன்று முறை மூச்சை ஆழ இழுத்து விடுங்கள். பிறகு வயிற்றிலிருந்து பலமாக இருமி, வருகிற கெட்டியான சளியைப் போத்தலுக்குள் துப்புங்கள். ஒரு டீஸ்பூன் அளவு இருந்தால் நல்லது. மூடியை இறுக மூடி, கையைச் சோப்புப் போட்டுக் கழுவி, போத்தலை வெயில் படாமல் அன்றைக்கே கிளினிக்கில் சேர்த்துவிடுங்கள். நீங்கள் வேலைக்குப் போனால் வீட்டிலுள்ளவர்கள் கொண்டுபோகலாமா என்றும் கேட்டு வையுங்கள்.

கிளினிக்கில் மலாய் பேசத் தயங்குகிறவர்கள் இந்த ஒரு வாக்கியத்தை மனப்பாடம் செய்துகொள்ளுங்கள்: "பாத்துக் சூடா லெபிஹ் டுவா மிங்கு." இருமல் இரண்டு வாரத்துக்கு மேலாகிவிட்டது என்று பொருள். மற்றதை அவர்கள் கேட்டுக்கொள்வார்கள்.

கூலி போய்விடுமே!

"டாக்டர்கிட்ட போனா ஒரு நாள் கூலி போச்சு. நோய்னு சொல்லிட்டா வேலையே போச்சு." இந்தப் பயம்தான் சளி கிளினிக்குக்குப் போகாமல் தடுக்கிற முதல் காரணம். பயம் நியாயமானதே. ஆனால் சட்டம் என்ன சொல்கிறது என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள்.

தீபகற்ப மலேசியாவில் 1955ஆம் ஆண்டு வேலைச் சட்டத்தின் 60எஃப் பிரிவு நோய் லீவைப் பற்றியது. இரண்டு ஆண்டுக்குக் குறைவாக வேலை செய்தவருக்கு ஆண்டுக்கு 14 நாளும், இரண்டிலிருந்து ஐந்து ஆண்டுக்கு உட்பட்டவருக்கு 18 நாளும், ஐந்து ஆண்டும் அதற்கு மேலும் என்றால் 22 நாளும் சம்பளத்தோடு நோய் லீவு உண்டு. ஆஸ்பத்திரியில் தங்க வேண்டிய நிலை என்றால் 60 நாள் வரை உண்டு. பலருக்குத் தெரியாத ஒரு விஷயம்: ஆஸ்பத்திரியில் தங்க வேண்டிய அளவு நோய் என்று டாக்டர் எழுதிக்கொடுத்துவிட்டால், இடமில்லாமலோ வேறு காரணத்தாலோ நீங்கள் வீட்டில் இருந்தாலும், ஆஸ்பத்திரியில் இருந்ததாகவே சட்டம் கருதும். சயரோகத்தின் ஆரம்ப வாரங்களில் வீட்டில் தங்கச் சொல்லும்போது, இதைப் பற்றி டாக்டரிடம் மரியாதையாகக் கேளுங்கள்.

எம்.சி. வாங்கியதும் 48 மணி நேரத்துக்குள் தோட்ட ஆபீசுக்குத் தகவல் போய்விட வேண்டும். தகவல் சொல்லாவிட்டால் அனுமதியில்லாமல் வேலைக்கு வராதவராகிவிடுவீர்கள். கிராணியிடம் எம்.சி.யைக் கொடுக்கும்போது ஒரு நகலை வைத்துக்கொள்ளுங்கள். தகராறு வந்தால் சங்கக் கிளைத் தலைவரிடமும் தொழிலாளர் இலாகாவிடமும் காட்ட அதுதான் ஆதாரம்.

தினமும் மாத்திரையை ஒருவர் முன்னிலையில் விழுங்க வேண்டும் என்பது விதி. தோட்டத்திலிருந்து கிளினிக் தூரம் என்றால், தோட்டத்து டிரசரோ வீட்டில் பொறுப்புள்ள ஒருவரோ பார்த்துக்கொள்ள ஏற்பாடு செய்ய முடியுமா என்று கேளுங்கள். கேட்காமல் இருந்து, பஸ் இல்லை என்று மருந்தை விட்டுவிடாதீர்கள். கண்ணோ சிறுநீரோ கடும் மஞ்சளானால், வாந்தி நிற்காவிட்டால், அன்றே கிளினிக்குக்குப் போய்ச் சொல்ல வேண்டும்.

ஒதுக்கி வைக்காதீர்கள்

கடைசியாக, அக்கம்பக்கத்தாருக்கு ஒரு வார்த்தை. ஒரு வீட்டில் சயரோகம் என்று தெரிந்தால் தட்டைத் தனியாக வைப்பதும், ஆயாக்கொட்டகையில் அந்த வீட்டுப் பிள்ளையைத் தள்ளி உட்கார வைப்பதும், "அந்த வீட்டுல பொண்ணு எடுக்காதே" என்று பேசுவதும் இன்னும் நடக்கின்றன. பக்கத்து லயத்தில் இருக்கிற இந்தோனேசியத் தொழிலாளியோ வங்காளதேசத் தொழிலாளியோ இருமினால், "அவனுங்க கொண்டு வந்த வியாதி" என்ற ஏச்சும் உண்டு. கிருமி பாஸ்போர்ட் பார்ப்பதில்லை. ஏசினால் அவரும் மறைப்பார். மறைத்தால் எல்லோருக்கும் பரவும்.

இதற்கு விஞ்ஞானம் எப்போதோ பதில் சொல்லிவிட்டது. அதைச் சொன்ன ஊர் சென்னை. 1956இல் அங்கே காசநோய் மருத்துவ ஆராய்ச்சி மையம் ஒன்று தொடங்கியது. சென்னையின் ஏழை எளிய நோயாளிகள் ஏறத்தாழ 190 பேரை இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பாதியினரை நல்ல சாப்பாடும் ஓய்வும் உள்ள ஆஸ்பத்திரியில் வைத்து மருந்து கொடுத்தார்கள். மறு பாதியினர் நெருக்கமான தங்கள் வீடுகளில், இருந்த சாப்பாட்டைச் சாப்பிட்டுக்கொண்டு, அதே மருந்தை எடுத்தார்கள். ஓராண்டு முடிவில் இரு சாராரும் கிட்டத்தட்ட ஒரே அளவில் குணமடைந்தார்கள். வீட்டில் மருந்து சாப்பிட்டவரால் குடும்பத்தாருக்குக் கூடுதலாக நோய் பரவவும் இல்லை. 1959இல் இந்த முடிவு வெளியானபின், உலகமே நோயாளிகளை ஆண்டுக்கணக்கில் ஆஸ்பத்திரியில் பூட்டி வைப்பதைக் கைவிடத் தொடங்கியது.

பரவுவது பெரும்பாலும் கண்டுபிடிப்பதற்கு முன்னேதான். சரியான மருந்து தொடங்கி இரண்டு வாரம் ஆனால், பரப்பும் வேகம் வெகுவாக அடங்கிவிடும். ஆகவே பயப்பட வேண்டியது மருந்து சாப்பிடுகிறவரைக் கண்டு அல்ல. இருமிக்கொண்டே சோதனைக்குப் போகாதவரைக் கண்டுதான். நோயாளியின் வீட்டார் எல்லோரும், முக்கியமாக ஐந்து வயதுக்கு உட்பட்ட பிள்ளைகள், கிளினிக்கில் காட்டிக்கொள்ள வேண்டும். பிறந்ததும் போட்ட பி.சி.ஜி. ஊசி குழந்தைகளைக் கடும் சயரோகத்திலிருந்து காக்கும். ஆனால் பெரியவர்களானபின் அதை நம்பி இருக்க முடியாது. ஜன்னலைத் திறந்து வையுங்கள். காற்றும் வெயிலும் காசு கொடுக்காமல் கிடைக்கிற மருந்து.

ஒரு காலத்தில் இந்த நோயைக் கண்டுபிடிக்கவும் முடியவில்லை, தீர்க்கவும் முடியவில்லை. அன்று நம் முன்னோர்கள் லயத்து மூலையில் இருமி இருமியே மாண்டதற்கு அவர்களைக் குறை சொல்ல முடியாது. இன்று கண்டுபிடிக்க இரண்டு மணி நேரம். தீர்க்க ஆறு மாதம். இடையில் நிற்பது நம் தயக்கமும் வெட்கமும்தான். தாய்மார்களே, உங்கள் வீட்டில் யாராவது இரண்டு வாரத்துக்கு மேல் இருமிக்கொண்டிருந்தால், அடுத்த சம்பள நாள் வரட்டும் என்று காத்திராமல் நாளைக்கே ஒரு போத்தல் வாங்கி வரச் சொல்லுங்கள்.